முறமும் மரத்தட்டும்

கடையில் வாங்கும் அரிசியில் இப்போது கல் இல்லை. ஆலையிலேயே இயந்திரம் கல்லைப் பிரித்துவிடுகிறது. பையைப் பிரித்து, இரண்டு முறை களைந்து, நேரே குக்கரில் போட்டுவிடலாம். பூண்டை உரித்து விற்கிறார்கள், தேங்காயைத் துருவித் தருகிறார்கள். தோசைமாவு பால் பாக்கெட்டின் பக்கத்திலேயே இருக்கிறது. பெண்களின் முதுகையும் மணிக்கட்டையும் காப்பாற்றிய மாற்றங்கள் இவை. இவற்றில் ஒன்றையாவது விட்டுவிடுங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இந்த வேலைகள் வீட்டைவிட்டுப் போனபோது, கூடவே மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டில் இருந்த வேலையும் போய்விட்டது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு முற்பகலை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் வெளியே போயாகிவிட்டது. பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைக்கிறாள். பக்கத்தில் பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தை. புடைத்த அரிசியை முறத்தின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிக் கல் பொறுக்குவார்கள். வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்புக் கல், உமி நீங்காத ஒரு நெல். கண் தேடும்; கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் போய் அதை மட்டும் எடுக்கும். கல் ஒரு பக்கம், நெல் ஒரு பக்கம். அந்த நெல்லும் வீணாகாது, வாசலில் குருவிக்குப் போகும். இதைக் குழந்தைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்தது, கை நீண்டது, செய்தது.

தை மாதம் வந்தால் மொச்சை. இரவெல்லாம் ஊறிய மொச்சையை இரண்டு விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிப் போய்ப் பாத்திரத்தில் விழும். பெரியவர்கள் பிதுக்கி முடிக்கும் வரை குழந்தைகள் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்கள். முருங்கைக்கீரை உருவ வேண்டும். வாழைப்பூவின் ஒவ்வொரு பூவிலும் கள்ளன் எடுக்க வேண்டும். விரலெல்லாம் கறை பிடிக்கும். புளியிலிருந்து கொட்டை எடுத்தால் அந்தக் கொட்டையே மாலையில் பல்லாங்குழிக்கு ஆகும். பதினான்கு குழிகளிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும் குழந்தை, எண்களின் பெயரை வரிசையாக ஒப்பிப்பதற்கும் உண்மையில் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கையாலேயே தெரிந்துகொண்டது. விடியற்காலையில் வாசலில் கோலம். மாவைக் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் அள்ளி, அளவாக நழுவவிட்டு, புள்ளிக்குப் புள்ளி வளைக்க வேண்டும். அந்தப் பிடி வசப்பட எத்தனையோ நாளாகும். அதற்குள் குழந்தையின் விரல்கள் வேறு ஏதோ ஒன்றுக்கும் தயாராகிவிட்டிருக்கும்.

இதுவரை படித்ததும் பழைய வீட்டின் மேல் ஒரு ஏக்கம் எழும். அங்கே நின்றுவிடக் கூடாது. அந்த வீட்டில் குழந்தையின் கைக்கு வேலை இருந்தது. மரியாதை இருந்தது என்று சொல்ல முடியாது. "போ அந்தப் பக்கம், கொட்டிடுவே" என்ற குரல்தான் குழந்தையின் காதில் அதிகம் விழுந்தது. அதே குழந்தைக்கு ஏழெட்டு வயதாகி, அது பெண்ணாகவும் இருந்துவிட்டால், நிலைமை தலைகீழாகும். விளையாட்டாகத் தொட்ட வேலையெல்லாம் கடமையாகித் தலையில் விழும். இடுப்பில் தம்பி, கையில் பாத்திரம், பள்ளிக்கூடம் பாதியில் நிற்கும். ஆண் குழந்தைக்கோ அடுப்பங்கரை வாசலே மறுக்கப்பட்டது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகிய முறை மிக அருமையானது. அதன் பக்கத்தில் பிரம்பும் இருந்தது. அங்கே உட்கார இடம் கிடைக்காத சாதிகளின் குழந்தைகள் தெருவிலேயே நின்றார்கள். இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டில் கல் பொறுக்கியதையோ மொச்சை பிதுக்கியதையோ படிப்பு என்று ஒருவரும் நினைக்கவில்லை. படிப்பு என்பது பலகையிலும் புத்தகத்திலும் இருந்தது. கை செய்ததெல்லாம் வேலை, அவ்வளவுதான்.

கை செய்வதுதான் அந்த வயதின் படிப்பு என்று ஊன்றிச் சொன்னவர் ஒரு மருத்துவர். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற மரியா மாண்டிசோரி, முதலில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு வேலை செய்தார். இட்டார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் விட்டுச்சென்ற முறைகளை எடுத்துக்கொண்டு, தொட்டும் பொருத்தியும் அடுக்கியும் கற்கும்படியான பொருள்களைச் செய்து பார்த்தார். 1907 ஜனவரி 6-ஆம் நாள், ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போன பிறகு படிக்கட்டுகளில் ஓடி, சுவரைக் கிறுக்கிக் கெடுக்கும் குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே கட்டட உரிமையாளர்களின் தேவை. அந்த அறையில் அவர் பார்த்தவைதான் இன்று உலகம் முழுவதும் அவர் பெயரால் வழங்கும் முறைக்கு அடிப்படை.

சுமார் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையிலுள்ள துளைகளில் பல அளவு உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் வெளியே எடுப்பாள், கலைப்பாள், மறுபடி பொருத்துவாள். மற்ற குழந்தைகளைச் சுற்றிவந்து பாடச் சொன்னார்கள், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்து, தானாகவே நிறுத்தி, நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல் சுற்றிலும் பார்த்தாள். யாரும் பாராட்டவில்லை, பரிசு தரவில்லை, போதும் என்று சொல்லவுமில்லை. இன்னொரு நாள் மாண்டிசோரி அந்தக் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்தும் முறையைச் செய்து காட்டினார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, சத்தமில்லாமல் எப்படித் துடைப்பது என்று மெதுவாகக் காட்டி முடித்ததும் குழந்தைகள் கைதட்டி ஆரவாரித்தார்கள். மூக்கைச் சிந்து என்று அதுவரை எல்லோரும் அதட்டியிருக்கிறார்கள். எப்படி என்று ஒருவரும் காட்டியதில்லை. மாண்டிசோரி முறையைப் பற்றி ஒரே ஒரு நிகழ்ச்சிதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த அம்மையார் நம் ஊருக்கு வந்தது வெறும் பயணமாக முடியவில்லை. பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, 1939 நவம்பரில், தம் 69-ஆம் வயதில் மகன் மரியோவுடன் சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் முதல் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு. அவர் இத்தாலிய மொழியில் பேசுவார், மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதங்களில் திரும்புவதாகத்தான் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகைநாட்டவர் ஆனார்கள். மரியோவைத் தடுப்புக்காவலில் வைத்தார்கள். அம்மையார் அடையாறு வளாகத்தைவிட்டு வெளியேறக் கூடாது என்று கட்டுப்பாடு. அவ்வாண்டு ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாளில் மகனை விடுவித்தார்கள். போர் முடியும் வரை இருவரும் இந்தியாவிலேயே இருந்தார்கள். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, பல வயதுக் குழந்தைகளைச் சேர்த்து, செடி கொடியும் பூச்சியும் நிலமும் பாடமாகும் கல்வியை வகுத்தார்கள். 1944-ல் கொழும்பிலும் பயிற்சி நடந்தது. அவருடைய புகழ்பெற்ற நூல்களில் ஒன்றான 'தி அப்சார்பென்ட் மைண்ட்' 1949-ல் அடையாறில்தான் முதலில் வெளியானது. இந்தியாவில் ஆற்றிய உரைகளிலிருந்து எழுந்த புத்தகம் அது.

ரோமில் அந்தச் சிறுமி பொருத்திய உருளைகள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னக் குமிழ் உண்டு. மூன்று விரலால்தான் அதைப் பிடிக்க வரும். பின்னால் பென்சில் பிடிக்கப் போகும் அதே மூன்று விரல்கள். எழுதச் சொல்லாமலேயே எழுதும் கையை அது தயார் செய்கிறது. அடையாற்று வளாகத்தின் மதிலுக்கு வெளியே, அதே ஆண்டுகளில், தினமும் காலையில் வாசல்தோறும் சிறுமிகள் அதே மூன்று விரல்களால் கோலமாவை நழுவவிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே அது கல்விமுறை. வெளியே அது வாசல் வேலை. இந்த இரண்டும் ஒன்றையொன்று போதிய அளவுக்குப் பார்த்துக்கொள்ளவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

பார்த்துக்கொண்டவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-லேயே மாண்டிசோரி வழியில் பால மந்திர் தொடங்கினார். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக், 1945-ல் மகாராஷ்டிரக் கடலோரத்திலுள்ள போர்டிக்குப் போய், விலை உயர்ந்த மரப்பொருள்கள் கிராமத்துக்கு எட்டாது என்று கண்டு, விதை, இலை, கூழாங்கல், சிப்பி ஆகியவற்றால் அதே பாடங்களை அமைத்தார். குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லையென்றால் பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனது. இன்று நாடெங்கும் உள்ள அங்கன்வாடிக்கு அந்த முற்றத்தில் ஒரு வேர் உண்டு.

அந்தப் பழைய வீட்டுக்கும் இன்றைக்கும் நடுவில் வந்த முப்பது நாற்பது ஆண்டுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தெருவுக்குத் தெரு நர்சரி பள்ளி வந்தது. பல பலகைகளில் மாண்டிசோரியின் பெயர் இருந்தது. உள்ளே பெஞ்சும், நாலுகோட்டு நோட்டும், ஒப்பிக்கும் பாட்டும். மூன்றரை வயதுக் குழந்தை பென்சிலைக் கைப்பிடிக்குள் இறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தை எழுதியது. வீட்டில் மிக்ஸியும் கிரைண்டரும் வந்திருந்தன, கூடவே தொலைக்காட்சியும். "நீ படிச்சா போதும், ஒரு வேலையும் செய்ய வேண்டாம்" என்று பெற்றோர் பாசத்தோடு சொன்னார்கள். தாங்கள் சின்ன வயதில் பட்ட பாட்டைக் குழந்தை படக் கூடாது என்ற நியாயமான ஆசை அது. கல்லூரிக்குப் போகும் வயதிலும் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாத ஒரு தலைமுறை அப்படித்தான் வளர்ந்தது.

இன்று? சென்னையில் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு. வரவேற்பறை ஓரத்தில் குழந்தையின் உயரத்துக்கு ஒரு மர அலமாரி. அதில் இளஞ்சிவப்புக் கோபுரம்: 1 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை பத்துக் கனசதுரங்கள். பொத்தானும் ஜிப்பும் பழக ஒரு துணிச் சட்டகம். ஒரு மரத்தட்டில் ராஜ்மாவும் வெள்ளைக் கொண்டைக்கடலையும் கலந்து, எடுத்துப் பிரிக்கச் சின்ன இடுக்கி. எல்லாம் இணையத்தில் வாங்கியவை. முழு வரிசையும் வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும். அம்மாவும் அப்பாவும் படித்திருக்கிறார்கள், பயிற்சிக் காணொளிகள் பார்க்கிறார்கள். குழந்தையிடம் குரல் உயர்த்துவதில்லை. 'கொட்டிடுவே, போ' என்ற சொல் அந்த வீட்டில் இல்லை. பழைய வீட்டில் இல்லாத மரியாதை இங்கே இருக்கிறது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. நூறாண்டுகளாகப் பலரும் சொல்லிச் சொல்லி வந்து சேர்ந்த மாற்றம் இது.

அதே அறையில் ஒரு 'பிஸி போர்டு' தொங்குகிறது. பலகையில் தாழ்ப்பாள், கொக்கி, சுவிட்ச், சின்னப் பூட்டு எல்லாம் பதித்திருக்கிறார்கள். குழந்தை தாழ்ப்பாளைத் திறக்கிறது. பின்னால் வெறும் பலகைதான். வீட்டின் உண்மையான கதவும் தாழ்ப்பாளும் அதன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. சமையலறை வாசலில் குழந்தை நுழையாமலிருக்கத் தடுப்பு. இடுக்கியால் பிரித்து முடித்த ராஜ்மாவை அம்மா மறுபடியும் கொண்டைக்கடலையோடு கலந்து தட்டில் வைக்கிறாள், நாளைக்கு வேண்டுமே. முறத்தில் பிரிந்த கல் மறுபடி அரிசிக்குள் போனதில்லை. அந்த அரிசி அன்று மத்தியானம் சோறானது. குழந்தையும் அதைத் தின்றது.

மாண்டிசோரியின் வகுப்பறையில் பயிற்சிப் பொருள், உண்மையான வேலை என்ற இந்த இரண்டு வகையும் தனித்தனியே உண்டு. உருளை, கோபுரம், நிறப்பலகை போன்றவை புலன்களைத் தீட்டுவதற்கானவை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு பண்பைத்தான் காட்டும். தவறினால் பொருளே சொல்லிவிடும்; கடைசி உருளை துளையில் நுழையாது. தேர்ந்து செய்த பொருள்கள் அவை, பள்ளியில் இருக்க வேண்டியவை. ஆனால் குழந்தை வகுப்புக்குள் வந்ததும் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் அன்றாட வேலைதான்: உண்மையான மேசையை உண்மையான தண்ணீரால் கழுவுவது, செடிக்கு ஊற்றுவது, பழம் நறுக்குவது, கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து வைப்பது. உடையும் பொருளைத்தான் அவர் கொடுத்தார், உடையும் என்று தெரிந்தால்தான் கை கவனம் கற்கும் என்பதால். வீட்டில் மாண்டிசோரி என்று தொடங்குகிறவர்கள் முதல் வகையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். காசில்லாமல் கிடைக்கும் இரண்டாவது வகை தடுப்புக்குப் பின்னால் சமையலறையில் இருக்கிறது. வீட்டுக்கு ஏற்றது இரண்டாவதுதான் என்பது என் உறுதியான கருத்து. கோபுரம் வாங்க முடியாத வீட்டில் குழந்தைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

அப்படியானால் கல்லில்லாத அரிசி வாங்கும் வீட்டில் குழந்தைக்கு என்ன வேலை மிச்சம்? நிறைய இருக்கிறது. இரண்டு சின்ன எவர்சில்வர் டம்ளர், அடியில் ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு பழைய துணி. முதலில் ஒரு டம்ளரில் பாதி அரிசி; இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு. கை நிலைத்த பிறகு தண்ணீர். சிந்தினால் துடைப்பதும் அந்த வேலைக்குள் அடக்கம். பல குழந்தைகளுக்கு ஊற்றுவதைவிடத் துடைப்பதே பிடித்துப்போகும். பெரியவர் ஒரு தடவை, வழக்கத்தைவிட மூன்று மடங்கு மெதுவாக, பேசாமல் செய்து காட்ட வேண்டும். பேசிக்கொண்டே செய்தால் குழந்தை முகத்தைப் பார்க்கும், கையைப் பார்க்காது. காட்டியாயிற்றென்றால் நகர்ந்துவிட வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் மிகக் கடினம். அந்தக் காலத்துப் பாட்டிக்கு அது இயல்பாக வந்தது, அவளுக்கு அவள் வேலை இருந்தது. இன்றைய தாய் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு அசைவுக்கும் "சூப்பர்டா கண்ணா" என்கிறாள். ஒரு கையில் போன் படம் பிடிக்கிறது. அன்பால் செய்வதுதான். ஆனால் ரோமில் அந்தச் சிறுமிக்குக் கிடைத்த நாற்பது முறையும் இந்தக் குழந்தைக்கு மூன்றாவது முறையிலேயே அறுந்துபோகிறது. பாராட்டைக் கேட்க அது தலை நிமிர்ந்துவிடுகிறது.

துணி காயப்போடும் கிளிப்பை அழுத்தித் திறக்க அதே மூன்று விரலும் உழைக்கும். காய்ந்த துணிகளில் கைக்குட்டையும் துண்டும் குழந்தைக்கு. சாக்ஸ் ஜோடி சேர்ப்பது நிறமும் அளவும் ஒருசேரப் பார்க்கும் வேலை. தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, குப்பையை அதற்குள் கூட்டச் சொன்னால், எங்கே சேர்க்க வேண்டும் என்று குழந்தைக்குப் புரியும். வாழைப்பழத்தை மழுங்கிய கத்தியால் நறுக்கி எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை இன்றும் காம்போடுதான் வருகிறது. ஆய்ந்த கீரைப் பையைத் தவிர்த்து வாரம் ஒரு முறை அதை வாங்கினால் அரை மணி நேர வேலை வீட்டுக்குள் வந்துவிடும். மொச்சைக்கு இன்னும் தை மாதம் இருக்கிறது.

எழுத்துக்கு உப்புத்தாள் போதும். ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். எழுத்தை அதில் வெட்டி அட்டையில் ஒட்டிவிட்டால், எழுதும் திசையிலேயே இரண்டு விரலால் தடவி ஒலியைச் சொல்லலாம். திண்ணைப் பள்ளியின் மணலும் விஜயதசமித் தட்டின் அரிசியும் செய்த காரியம்தான் இது. ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பெரியவர் கையைப் பிடித்து எழுதவைத்தார். இங்கே சொரசொரப்பே விரலுக்கு வழி சொல்கிறது; விலகினால் வழவழப்பு படும், குழந்தைக்கே தெரிந்துவிடும். தமிழில் 247 எழுத்து என்று மிரள வேண்டாம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, அவை சேரும்போது வரும் குறிகள் என்று பிரித்துக்கொண்டால் அட்டைகள் குறைவுதான். நேர்கோடுகளான ட, ப இரண்டோடு தொடங்கி, வளைவுள்ள ம-வைச் சேர்த்தால் சில நாள்களில் 'படம்' வந்துவிடும். "இது ம" என்று காட்டுவது முதல் படி. "ம எது, எடு" என்பது இரண்டாவது. "இது என்ன?" என்று கேட்பது கடைசி. நம் வீடுகளில் பெரும்பாலோர் மூன்றாவதிலிருந்துதான் தொடங்குகிறோம், அதுவும் விருந்தாளிகள் முன்னால்.

கணக்குக்குத் தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குச்சிகள். ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக நூலால் கட்டினால் பத்து என்பது கையில் கனக்கும். பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் நூறு. மாண்டிசோரி தங்க நிற மணிகளால் ஒன்றைப் புள்ளியாக, பத்தைக் கம்பியாக, நூறைச் சதுரமாக, ஆயிரத்தைக் கனசதுரமாகக் காட்டியதும் இதே காரணத்துக்காகத்தான். ஆயிரத்தில் எத்தனை சைபர் என்று சொல்லத் தெரிந்த குழந்தைகள் பலர் உண்டு. ஆயிரத்தைக் கையில் தூக்கிப் பார்த்தவர்கள் குறைவு.

பழையதிலிருந்து எடுக்கக் கூடாததும் உண்டு. பல்லாங்குழிக்குச் சோழியோடு குன்றிமணியும் வைத்திருந்தார்கள். அழகான விதை, கொடிய நஞ்சு. கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. அது வீட்டில் இருக்கவே வேண்டாம். வாயில் போடும் வயதுக் குழந்தைக்குப் புளியங்கொட்டையும் கடலையும்கூடத் தொண்டையில் அடைக்கும். மூன்று வயது வரையாவது பெரிய பொருள்களே நல்லது. தண்ணீர் நிறைந்த வாளி அருகில் குழந்தை தனியாக இருக்கக் கூடாது. தண்ணீர் விளையாட்டுக்குக் கால் டம்ளர் தண்ணீர் தாராளம்.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே எனக்கு மிகவும் மகிழ்ச்சி தரும் மாற்றம் ஆண் குழந்தைகளிடம் தெரிகிறது. நான்கு வயதுப் பையன் சப்பாத்தி மாவை உருட்டுவதை அவன் அப்பாவும் தாத்தாவும் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் இப்போது இருக்கின்றன. தாத்தா முதலில் முகம் சுளித்திருக்கலாம். பேரன் போட்ட கோணல் சப்பாத்தியை அவர்தான் முதலில் சாப்பிடுகிறார். அதேபோலப் பெண் குழந்தைக்கும் இந்த வேலை எட்டு வயதில் தலைச்சுமையாக மாறுவதில்லை. தட்டைக் கழுவினால் தன் தட்டைக் கழுவுகிறாள். பழைய வீட்டின் வேலையும் புதிய வீட்டின் மரியாதையும் இப்படி ஒரே கூரையின் கீழ் சேர முடியும் என்பதற்கு இந்த வீடுகளே சான்று.

அரசுப் பள்ளிகளும் இந்தப் பக்கம் நடந்து வந்திருக்கின்றன. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியிலிருந்தும் மாண்டிசோரியிடமிருந்தும் எடுத்துக்கொண்டவற்றோடு, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. குழந்தைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும்படி சுவரின் அடிக்கு இறங்கியது. நிறைகுறைகள் பற்றி ஆசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். பலகை இறங்கியது நல்ல காரியம். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. அங்கே வரும் குழந்தைகளின் வீடுகளில் இன்றும் கீரை ஆய்கிறார்கள், ரேஷன் அரிசியைப் புடைக்கிறார்கள், பூக் கட்டுகிறார்கள். மர அலமாரி வைத்திருக்கும் வீடு தேடி அலைவது அவர்களிடம் இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர் அதைப் பாடமாக மதித்து, "நேத்து வீட்ல என்ன வேலை செஞ்சே?" என்று கேட்கத் தொடங்கினால் அந்தக் குழந்தையின் கைக்கு ஒரு பெருமை வரும்.

வேலைக்குப் போகும் பெற்றோர் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: நேரம் இல்லை. அது உண்மை. பழைய வீட்டில் முற்பகல் முழுக்க இருந்தது. இன்றைய வீட்டில் முற்பகலே இல்லை. காலையில் குழந்தை "அம்மா, நானே போடறேன்" என்று சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்கிறது. "வேன் வந்துடும், கையை எடு" என்று அம்மா ஐந்து பொத்தானையும் பத்து நொடியில் போட்டுவிடுகிறாள். சாயங்காலம் அலமாரியிலிருந்து பொத்தான் சட்டகத்தை எடுத்துக் கொடுக்கிறாள். குழந்தை காலையில் கேட்டதுதான் பாடம். அதைக் கொடுக்க, ஏழே முக்காலுக்கு வேன் வரும் வீட்டில் எல்லோரும் கால் மணி முன்னதாக எழ வேண்டும். முதல் நாள் இரவு பத்து மணிக்காவது விளக்கணைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் பொத்தான் முப்பது நொடிக்கு வந்துவிடும். அதன் பிறகு ஷூ இருக்கிறது.